பெப்ளம்: முதலில் ஒரு போர்வையை எடுங்கள்

சட்டையின் இடுப்புத் தையலில் தொடங்கி, குட்டைப் பாவாடை போல விரிந்து, தொடைக்கு வருவதற்குள் முடிந்துவிடும் துணிதான் பெப்ளம். கடைகளில் சுருக்கு வைத்த எதற்கும் இந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். பாவாடையின் அடியில் இருந்தால் அது வெறும் ஃபிரில்.

1. பெயரைக் கட்டிப் பாருங்கள்

ஒற்றைப் போர்வையை நீளவாட்டில் பிடித்து, மேல் விளிம்பை மூன்று சாண் வெளிப்புறமாக மடியுங்கள். உடம்பைச் சுற்றி, இரு தோள்களிலும் ஊக்கு குத்தி, மடிப்பின் மேலேயே இடுப்பில் கயிறு கட்டுங்கள். கயிற்றுக்குக் கீழே ஒரு விரிப்பு தொங்குகிறதா? பண்டைய கிரேக்கப் பெண்கள் உடுத்திய பெப்லோஸ் ஏறக்குறைய இதுதான். பானதீனயத் திருவிழாவில் ஏதென்ஸ் நகரத்தார் அதீனா தெய்வத்துக்கே பெப்லோஸ் நெய்து சாத்தினார்கள். அந்தச் சொல் லத்தீனில் பெப்ளம் ஆனது. அன்று முழு உடைக்கு இருந்த பெயர், இன்று இடுப்புத் துண்டுக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1947இல் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் காட்டிய 'பார்' ஜாக்கெட்டில் இடுப்பை இறுக்கி, கீழே விரித்த வடிவம் இதற்கு நெருங்கிய உறவு.

2. வெட்டுங்கள்

மேல்பாகத்தின் இடுப்புச் சுற்று 27 அங்குலம் என்று கொள்வோம். பின்பக்கத் திறப்பின் இரு ஓரங்களுக்கும் அரை அரை அங்குலம் சேர்த்தால் 28. அதை 6.28ஆல் (பை மதிப்பின் இரு மடங்கு) வகுத்தால் இடுப்பு வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 4.5. தையலுக்கு அரை அங்குலம் விட வேண்டும் என்பதால் 4 அங்குலத்தில் வெட்டுவோம்.

24 அங்குலச் சதுரத் துணியை நான்காக மடியுங்கள். துணியின் நடுப்புள்ளி வரும் மூலையிலிருந்து 4 அங்குலத்தில் ஒரு வளைவு, 12 அங்குலத்தில் இன்னொன்று வரைந்து, இரண்டிலும் வெட்டுங்கள். இடுப்பிலும் அடியிலும் தையலுக்கு அரை அரை அங்குலம் போக, 7 அங்குல பெப்ளம் கிடைக்கும். பிரித்தபின் ஒரே ஒரு மடிப்புக் கோட்டில் திறப்பு வெட்டுங்கள். நான்கிலும் வெட்டிவிட்டு விழித்தவள் நான்.

விறைப்பான பருத்தி நிமிர்ந்து நிற்கும்; ஷிஃபான் தொய்யும்.

3. இணையுங்கள்

உள்வளைவு இழுத்தால் நீண்டுவிடும். அதனால் முதலில் விளிம்பிலிருந்து கால் அங்குலத்தில் ஒரு தையல் ஓட்டுங்கள். பிறகு அந்தத் தையலைத் தொடாமல் அங்கங்கே சிறு வெட்டுகள் கொடுங்கள். வளைவு விரிந்து இடுப்போடு பொருந்தும். நல்ல பக்கங்களை ஒன்றோடொன்று வைத்து ஊசி குத்தித் தையுங்கள்.

அடியை உடனே மடிக்காதீர்கள். ஓர் இரவு தொங்கவிட்டால் துணியின் இழைக்குச் சாய்வாக விழுந்த பகுதிகள் இறங்கியிருக்கும். இறங்கியதை நறுக்கிச் சமன் செய்தபின் மெல்லியதாக மடித்துத் தையுங்கள்.