ஹால் த்ரஸ்டர் சிமுலேஷன்: எலக்ட்ரான் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 மே மாதம் ஏவப்பட்ட ஜிசாட்-9 செயற்கைக்கோளில் இஸ்ரோ செனான் வாயுவால் இயங்கும் மின் உந்துவிசையைப் பயன்படுத்தியது. அதைக் கேள்விப்பட்டு வளர்ந்த பிள்ளைகள் மதுரைப் பக்கத்துக் கல்லூரிகளில் இப்போது ஹால் த்ரஸ்டரை, அதாவது செனான் அயனிகளை மின்புலத்தால் முடுக்கி வெளியே பாய்ச்சும் மின் உந்துகருவியை, ப்ராஜெக்டாக எடுக்கிறார்கள். வெற்றிடக் கலனுக்கு வழியில்லாததால் சிமுலேஷன்தான் செய்கிறார்கள். வைவாவுக்குப் போகும்போதெல்லாம் அதே தவறுகளைத்தான் பார்க்கிறேன். யூனிட் மாற்றம், குறி மாற்றம் போன்றவற்றை நீங்களே பிடித்துவிடுவீர்கள். மற்றவை இங்கே.

மெஷ் சூடாக்கியதை பிளாஸ்மா சூடானதாக நம்புவது

முதலில் எலக்ட்ரானின் நிலைமையைப் பாருங்கள். த்ரஸ்டரின் வளைய வடிவக் கால்வாயின் குறுக்கே சுமார் 200 காஸ் காந்தப்புலம். எலக்ட்ரான் அதில் அரை மில்லிமீட்டர் ஆரத்தில் சுழலும். 300 வோல்ட்டில் முடுக்கப்பட்ட செனான் அயனிக்கோ அந்த ஆரம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். அது நேரே வெளியே பாய்ந்துவிடும். எலக்ட்ரான் மட்டும் மாட்டிக்கொண்டு கால்வாயைச் சுற்றிச் சுற்றி ஓடும். மாசி வீதியில் சுற்றுகிறவர் ஆவணி மூல வீதி, சித்திரை வீதி என்று உள்ளே வந்தால்தானே மீனாட்சி கோயிலை அடைய முடியும்? எலக்ட்ரானுக்கு, கால்வாயின் உள்முனையில் இருக்கும் நேர்மின்வாயான ஆனோடுதான் அந்தக் கோயில். அணுக்களோடு மோதுவதால் மட்டும் அது வீதி மாறினால், நிஜத்தில் அளக்கும் மின்னோட்டம் கிடைக்காது. மிச்சத்தில் பெரும்பங்கை பிளாஸ்மா அலைவுகள் தள்ளிவிடுகின்றன என்பதுதான் இன்று பலரும் ஏற்கும் விளக்கம். இதைத்தான் அனாமலஸ் டிரான்ஸ்போர்ட் என்கிறோம்.

இதைத் தேடித்தான் மாணவர்கள் பிக் (PIC, particle-in-cell) கோடு எழுதுகிறார்கள். இடத்தை மெஷ்ஷாக, அதாவது சிறு சிறு செல்களாகப் பிரித்து, துகள்களை அதில் ஓடவிடும் முறை அது. அங்கேதான் வினை. ஒரு குழு திரையில் காட்டியது: 10 எலக்ட்ரான் வோல்ட்டில் தொடங்கிய வெப்பநிலை மளமளவென்று 70-ஐத் தொட்டு, அப்புறம் தட்டையாக நின்றது. “சார், சமநிலைக்கு வந்துருச்சு, அனாமலஸ் டிரான்ஸ்போர்ட்டும் தெரியுது” என்றார்கள். நான் கேட்டது ஒன்றுதான்: செல் அளவு என்ன? 0.2 மில்லிமீட்டர்.

கன மீட்டருக்கு 10¹⁷ எலக்ட்ரான், 10 எலக்ட்ரான் வோல்ட் என்றால் டிபை நீளம், அதாவது பிளாஸ்மாவில் ஒரு மின்னூட்டத்தின் தாக்கம் மறைக்கப்பட்டுவிடும் தூரம், 0.07 மில்லிமீட்டர்தான். செல் அதைவிட இவ்வளவு பெரிதாக இருந்தால் சாதாரண பிக் முறையில் எலக்ட்ரான்கள் தாமாகவே சூடேறும். சூடேறச் சூடேற டிபை நீளமும் வளரும். அது செல் அளவை ஒட்டி வரும்போது சூடேற்றம் பெரிதும் ஓயும். டிபை நீளத்தின் வர்க்கம் வெப்பநிலைக்கு நேர்விகிதம். 0.07 என்பது 0.2 ஆக வேண்டுமானால் வெப்பநிலை ஏழெட்டு மடங்காக வேண்டும். அவர்கள் கண்ட 70 அங்கிருந்து வந்தது. சூடான எலக்ட்ரான்கள் அதிகமாகக் குறுக்கே நகர்ந்ததையும் கண்டுபிடிப்பாக எழுதிவிட்டார்கள். ஒரு செமஸ்டர் உழைப்பு போயிற்று. வழிகாட்டிய யாரும் செல் அளவைக் கேட்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. நாம் தேடுவதைப் போலவே வேஷம் போட்டு வருவதால்தான் இந்தப் பிழை இவ்வளவு ஆபத்தானது.

பரிசோதிக்க ஒரு சாயங்காலம் போதும். காந்தப்புலம், வெளி மின்புலம், அயனியாக்கம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு பக்கம் வெளியேறும் துகள் மறுபக்கம் நுழையும் (பீரியாடிக் எல்லை) ஒரு பெட்டியில் பிளாஸ்மாவைச் சும்மா விடுங்கள். மொத்த ஆற்றல் ஏறினால் குற்றவாளி கோடுதான். அப்புறம் செல்லைப் பாதியாக்கி, துகள் எண்ணிக்கையைக் கூட்டி அசல் ரன்னை மறுபடி ஓட்டுங்கள். விடை மாறினால் அதை இயற்பியல் என்று எழுதாதீர்கள்.

எல்லா அலைவையும் ஒன்றாகப் பேசுவது

‘மூச்சு’ அலைவு 10 முதல் 30 கிலோஹெர்ட்ஸ். நடுநிலை அணுக்கள் தீர்ந்து மறுபடி நிரம்புவதால் வருவது. எலக்ட்ரான் சுற்றோட்டத்தில் பிறக்கும் அலைவு மெகாஹெர்ட்ஸ். எலக்ட்ரான் பிளாஸ்மா அதிர்வெண், மேலே சொன்ன அடர்த்தியில், சுமார் 2.8 கிகாஹெர்ட்ஸ். எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

மைக்ரோ நொடிக்கு ஒருமுறை மட்டும் தரவைச் சேமிப்பது

மெகாஹெர்ட்ஸ் அலை அதில் பொய்யான மெதுவான அலையாகத் தெரியும்.

வெற்றிட மின்விடுதிறனை (ε₀, பெர்மிட்டிவிட்டி) கூட்டி ஓட்டுவது

செய்யலாம், ரன் வேகமாகும். ஆனால் டிபை நீளம் மாறும், அதோடு அலைநீளமும் மாறும். எத்தனை மடங்கு கூட்டினீர்கள் என்று அறிக்கையில் போடுங்கள்.

செக்பாயிண்ட் எழுதாமல் விடுவது

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்ட் போகும். ரன் எந்த நிலையில் இருக்கிறதோ அதை, விட்ட இடத்திலிருந்து தொடரும்படி, முந்தின ராத்திரியே எழுதி வையுங்கள்.