பெட்ரோல் காரில் இன்ஜெக்டர் கிளீனர்: எப்போது ஊற்றுவது, எப்படி ஊற்றுவது

எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சித் தரும் இன்ஜெக்டரின் முனையில் கசடு படிவது பெரும்பாலும் வண்டி ஓடும்போது அல்ல. எஞ்சினை அணைத்த பிறகு, சூடு இறங்காத முனையில் தங்கிவிட்ட சிறிதளவு பெட்ரோல் காய்ந்து பிசின்போல் ஒட்டிக்கொள்ளும்போதுதான். ஆகவே நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியைவிட, புதுச்சேரியில் லாசுப்பேட்டையிலிருந்து நேரு வீதிக்குச் சென்று நின்று, மீண்டும் கிளம்பி, மீண்டும் நிற்கும் வண்டிக்கே இந்தத் தொல்லை அதிகம்.

சிக்னலில் நிற்கையில் எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் ஆடுவது, பிக்கப் மந்தமாவது, மைலேஜ் சரிவது ஆகியவை இதன் அறிகுறிகள். ஆனால் அடைபட்ட ஏர் ஃபில்டரும், தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும், பலவீனமான இக்னிஷன் காயிலும் இதே அறிகுறிகளைத்தான் காட்டும் என்பதால், முதலில் அவற்றைப் பார்த்துவிட வேண்டும். செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்துப் பார்க்காமல் கிளீனர் பாட்டிலைத் திறப்பது வீண் செலவு. பங்க்கில் பெட்ரோல் போடும்போதே பாட்டிலை நீட்டி, ஒவ்வொரு முறையும் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. அவ்வளவு அடிக்கடி எந்த எஞ்சினுக்கும் இது தேவைப்படுவதில்லை.

வாங்கும்போது பெட்ரோலுக்கு உரியதா என்று முதலில் பார்க்கவும். டீசலுக்கானது வேறு, ஆக்டேன் பூஸ்டர் வேறு. பாலிஈதர் அமீன், சுருக்கமாகப் பி.இ.ஏ., கலந்திருப்பதாகக் குறித்துள்ள கிளீனர் சூட்டைத் தாங்கி இறுகிய கரியையும் கரைக்கக்கூடியது என்பதால் அதையே தேர்ந்தெடுக்கலாம். உங்கள் காரின் கையேடு எரிபொருள் சேர்மானங்களைத் தவிர்க்கச் சொல்லியிருந்தால், வாரண்டி முடியும்வரை அதன்படியே நடப்பது நல்லது.

ஊற்றும் முறையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். டேங்க்கில் பெட்ரோல் கால் பங்குக்கும் கீழே இருக்கும்போது பங்க்குக்குச் சென்று, எஞ்சினை அணைத்து, முதலில் கிளீனரை ஊற்றி, அதன்பிறகு டேங்க்கை நிரப்ப வேண்டும். மேலிருந்து விழும் பெட்ரோலே இரண்டையும் நன்கு கலக்கிவிடும். விலை குறைவு என்பதற்காகக் கடலூர்க்காரர்கள் புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டி வந்து டேங்க்கை நிரப்பிச் செல்வது வழக்கம்தான். அந்தப் பயணத்தையே இதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். எத்தனை லிட்டருக்கு ஒரு பாட்டில் என்று லேபிளில் அச்சிட்டிருக்கும். நம் ஊர்ச் சிறிய கார்களின் டேங்க் பெரும்பாலும் 40 லிட்டருக்குள்ளேயே இருப்பதால், பெரிய வண்டிக்கென விற்கும் பாட்டிலை முழுவதுமாகக் கவிழ்க்காமல் அளந்து ஊற்றவும். இரண்டு மடங்கு ஊற்றினால் இரண்டு மடங்கு சுத்தமாகாது. புனல் வைத்து ஊற்றுங்கள். பெயிண்டில் ஒரு துளி சிந்தினாலும் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும், விட்டுவைத்தால் அந்த இடம் மங்கிப்போகக்கூடும்.

நிரப்பிய பிறகு வண்டியை வீட்டில் நிறுத்திவிடாமல், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரையிலோ, கடலூரிலிருந்து சிதம்பரம் வரையிலோ சீரான வேகத்தில் ஓட்டி வரலாம். அந்த டேங்க் ஏறக்குறைய தீரும்வரை இடையில் புதுப் பெட்ரோல் சேர்க்காதிருந்தால் கிளீனரின் அடர்த்தி குறையாது. மாற்றம் தெரிய அந்த ஒரு டேங்க் முழுவதும் ஆகலாம். முதல் பத்துக் கிலோமீட்டரிலேயே எதிர்பார்க்க வேண்டாம். எரியாத கிளீனர் சிறிதளவு எஞ்சின் ஆயிலிலும் இறங்குவதால், ஆயில் மாற்றும் தவணைக்குச் சற்று முன்பாக இதைச் செய்துவிடுவது வசதி.

சிலிண்டருக்கு வெளியே பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின்களில் அந்தப் பெட்ரோல் வால்வின்மீது பட்டு உள்ளே செல்வதால் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வும் சேர்ந்து கழுவப்படும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினிலோ பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பாய்கிறது. அங்கே டேங்க்கில் ஊற்றும் எந்தக் கிளீனரும் இன்டேக் வால்வின் கரியைத் தொடாது. அதைத் தனியாகத்தான் சுத்தம் செய்தாக வேண்டும்.

ஒரு டேங்க் முழுவதும் ஓடியும் ஐட்லிங், அதாவது வண்டி நிற்கையில் எஞ்சின் ஓடுவது, சீராகவில்லை என்றால் இரண்டாவது பாட்டில் வாங்க வேண்டாம். இன்ஜெக்டர்களைக் கழற்றி ஒலி அதிர்வால் அழுக்கை நீக்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில் சுத்தம் செய்து, எல்லாமே ஒரே அளவில் பீய்ச்சுகின்றனவா என்று சோதித்துத் தரும் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். உள்ளிருக்கும் மின்சுருள் (காயில்) எரிந்துபோன இன்ஜெக்டரோ, ரப்பர் வளையமான ஓ-ரிங் கசியும் இன்ஜெக்டரோ அந்தச் சோதனையில்தான் பிடிபடும்.