நிழலைக் குறையுங்கள், டெக்ஸ்சரை விட்டுவிடுங்கள்

கணினி விளையாட்டு திணறத் தொடங்கியதும் பலரும் எல்லா அமைப்புகளையும் ஒரேயடியாக 'லோ'வுக்குத் தள்ளிவிடுகிறார்கள். யாரோ பார்த்துப் பார்த்து உருவாக்கிய உலகம் வெளிறிப்போகிறது. அதற்கு அவசியமே இல்லை.

முதலில் சுமை எங்கே என்று கண்டுபிடியுங்கள். ரெசல்யூஷனை, அதாவது திரைக்காட்சியின் புள்ளி எண்ணிக்கையை, மட்டும் குறைத்து ஓட்டிப் பாருங்கள். நொடிக்கு வரையப்படும் படங்களின், அதாவது ஃபிரேம்களின், எண்ணிக்கை நன்றாக ஏறினால் கிராபிக்ஸ் கார்டுதான் திணறுகிறது. அசையவே இல்லை என்றால் பெரும்பாலும் பிராசஸர். அப்போது மக்கள் கூட்டத்தின் அடர்த்தியையும் காட்சித் தொலைவையும் குறைக்க வேண்டும்.

கார்டு என்றால் நிழலில் கை வையுங்கள். 'அல்ட்ரா'வுக்கும் 'மீடிய'த்துக்கும் உள்ள வேறுபாடு ஓடும் காட்சியில் கண்ணுக்குப் படுவது அரிது. மிச்சமாகும் வேகமோ கணிசமானது. அடுத்து மூடுபனி, பிரதிபலிப்பு. ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வெளிச்சத்தை வரையும் ரே டிரேசிங் இருந்தால் அதை முதலிலேயே அணைத்துவிடலாம். பொருள்களின் மேற்பரப்பில் போர்த்தப்படும் படமான டெக்ஸ்சரின் தரம் வேறு கணக்கு. கார்டின் வீடியோ நினைவகத்தில் இடம் இருக்கும்வரை அது வேகத்தை அவ்வளவாகத் தின்பதில்லை. நினைவகம் நிரம்பி வழிந்தால்தான் காட்சி வெட்டி வெட்டி நிற்கும்.

நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றையும் வரைய சுமார் 16.7 மில்லிநொடிதான் கிடைக்கிறது. 60க்கும் 110க்கும் இடையே ஊசலாடுவதைவிட, 60இல் வரம்பு வைத்து நிலையாக ஓடவிடுவது கைக்கும் கண்ணுக்கும் இதம்; கார்டின் சூடும் குறையும். சோதனையை வெறிச்சோடிய அறையில் செய்யாதீர்கள். சண்டை மும்முரமாக நடக்கும் இடத்தில் செய்யுங்கள்.