கேம்பருக்கு புரொப்பேன் சிலிண்டர்: வாங்குவதிலிருந்து அடுப்பு பற்றும்வரை

அமெரிக்காவில் புதிதாக கேம்பர் டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும், தங்கிச் சமைக்கும் வண்டி) வாங்கும் நம்மூர்க்காரர்கள், "வீட்டு சிலிண்டர் மாதிரிதானே?" என்று கேட்பார்கள். பாதி சரி. நம்மூர் சிலிண்டரில் பியூட்டேனும் புரொப்பேனும் கலந்திருக்கும். இங்கே கிட்டத்தட்ட முழுக்க புரொப்பேன். அது மைனஸ் 42 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும் என்பதால் பனி கொட்டினாலும் கேஸ் வரும்.

20-ஆ, 30-ஆ?

டிரெய்லரின் முன்பக்கம் நிற்பவை பெரும்பாலும் 20 அல்லது 30 பவுண்டு சிலிண்டர்கள். அது உள்ளே இருக்கும் கேஸின் எடை மட்டும்தான். இரும்பையும் சேர்த்தால் 20 பவுண்டு சிலிண்டர் 37, 30 பவுண்டு சிலிண்டர் 55 பவுண்டு வரும். 55 பவுண்டு என்றால் சரியாக ஒரு 25 கிலோ அரிசி மூட்டை. அதை இடுப்பளவு உயரத்துக்குத் தூக்கி வைக்க முடியுமா என்று யோசித்துவிட்டு வாங்குங்கள். இரண்டு வைத்தால் அந்த எடையில் பெரும்பகுதி வண்டியின் கொக்கிமேல்தான் இறங்கும்.

சமையலுக்குக் கேஸ் அதிகம் செலவாகாது, விழுங்குவது வண்டியைச் சூடாக்கும் ஃபர்னஸ்தான். மணிக்கு 30,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) ஃபர்னஸ் இடைவிடாமல் எரிந்தால் 20 பவுண்டு கேஸ் சுமார் 14 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். விட்டுவிட்டு எரிவதால் குளிர்காலத்தில் இரண்டு மூன்று இரவு தாங்கும். கோடையில் மட்டும் போகிறவர்களுக்கு இரண்டு 20 தாராளம் என்பது என் கருத்து.

கழுத்துப் பட்டையைப் படியுங்கள்

வால்வைச் சுற்றியுள்ள இரும்புப் பட்டையில் எண்கள் பொறித்திருக்கும். டி.டபிள்யூ. என்பது காலி எடை. குளியலறைத் தராசில் சிலிண்டரை நிறுத்தி, வரும் எடையில் இதைக் கழித்தால் மிச்சமிருக்கும் கேஸ் தெரிந்துவிடும். அடுத்தது தயாரித்த மாதமும் வருடமும். அதிலிருந்து 12 வருடம் கழிந்தால் மறுபரிசோதனை செய்யாமல் நிரப்பித் தர மாட்டார்கள். நம்மூர் சிலிண்டரில் ஏ-26, பி-27 என்று எழுதியிருப்பதும் பரிசோதனைக் கெடுதான். பழைய சிலிண்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய்வதற்கு முன் இதைப் பாருங்கள். வால்வின் கைப்பிடி முக்கோணமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பாமல் தடுக்கும் வால்வின் அடையாளம் அது.

நிரப்புவதா, மாற்றிக்கொள்வதா?

கடை வாசல் கூண்டில் காலியைக் கொடுத்துவிட்டு நிறைந்ததை எடுத்துக்கொள்வது சுலபம். ஆனால் அந்த 20 பவுண்டு சிலிண்டர்களில் பெரும்பாலும் 15 பவுண்டுதான் நிரப்புகிறார்கள். ஒட்டியிருக்கும் காகிதத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், நாம்தான் படிப்பதில்லை. ஸ்மோக்கி மலையில் ஓர் அக்டோபர் இரவு, மூன்று மணிக்கு ஃபர்னஸ் காற்றை மட்டும் ஊதிக்கொண்டிருந்தபோது டார்ச் அடித்து நான் படித்தேன். அன்றிலிருந்து நிரப்பும் நிலையத்துக்குத்தான் போகிறேன். ஒரு விஷயம்: புத்தம்புது சிலிண்டருக்குள் காற்றும் ஈரமும் இருக்கும். "இது புதுசு" என்று நிரப்புபவரிடம் சொல்லிவிடுங்கள், முதலில் அதை வெளியேற்றிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

மாட்டும் முறை

1. சிலிண்டரைத் தட்டில் நிமிர்த்தி நிறுத்தி, மேல்பட்டையைத் திருகி இறுக்குங்கள். கையால் ஆட்டினால் அசையக் கூடாது. 20-இலிருந்து 30-க்கு மாறினால் நடுவில் இருக்கும் திருகுக் கம்பியும் நீளமாக வேண்டியிருக்கும்.

2. ஹோஸின் முனையிலுள்ள பெரிய பிளாஸ்டிக் திருகை வலப்பக்கம் கையாலேயே இறுக்குங்கள். ஸ்பேனர் வேண்டாம்.

3. உள்ளே அடுப்பு, ஃபர்னஸ் எல்லாம் அணைந்திருக்கட்டும். வால்வை மெ...துவாகத் திறங்கள். சட்டென்று திறந்தால், கேஸ் கசிந்து பாய்கிறது என்று நினைத்து உள்ளிருக்கும் பாதுகாப்பு அமைப்பு வழியை அடைத்துவிடும். அப்புறம் அடுப்பு சோம்பலாகத்தான் எரியும். இது தெரியாமல் அரை நாள் ஃபர்னஸைப் பிரித்துப் பார்த்தவன் நான். வால்வை மூடி, சில நிமிடம் விட்டு, மறுபடி மெதுவாகத் திறந்தால் போதும்.

4. சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். அம்மோனியா, பிளீச் கலந்த சோப்பு ஆகாது, பித்தளையை அரிக்கும். குமிழி வந்தால் மூடிவிட்டு மறுபடி மாட்டுங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் ரப்பரோ ஹோஸோ போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும்.

5. இரண்டு சிலிண்டர் என்றால் ரெகுலேட்டரின் நெம்புகோலை முதலில் பயன்படுத்தும் சிலிண்டர் பக்கம் திருப்பி, இரண்டு வால்வையும் திறந்து வையுங்கள். ஒன்று தீர்ந்ததும் மற்றது தானாக வரும், ரெகுலேட்டரிலுள்ள சின்ன ஜன்னல் சிவப்பாகும். அப்போது நெம்புகோலை நிறைந்த பக்கம் திருப்பிவிட்டு, காலியானதன் வால்வை மூடிக் கழற்றி நிரப்பப் போகலாம்.

6. முதலில் அடுப்பைப் பற்றவையுங்கள். குழாயிலுள்ள காற்று வெளியேறும்வரை சில நொடி பிடிவாதம் பிடிக்கும். அது நீலமாக நின்று எரிந்த பிறகே ஃபர்னஸும், கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜும்.

தரையையொட்டி இருக்கும் கேஸ் அலாரத்தைச் சோதித்துவிடுங்கள். புரொப்பேன் காற்றைவிட கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். அலாரத்தின் முன் காலணிகளைக் குவிக்காதீர்கள்.

கிழக்குக் கரையில் பயணம் என்றால் பாதையையும் பாருங்கள். பால்டிமோரின் இரண்டு துறைமுகச் சுரங்கங்களிலும் 10 பவுண்டுக்கு மேற்பட்ட புரொப்பேன் சிலிண்டருடன் நுழையக் கூடாது. முன்பு அதே துறைமுகத்தின் மேலே போகும் கீ பாலத்தில் ஏறிப் போனோம், அது 2024 மார்ச்சில் இடிந்து விழுந்தது. அதனால் 695 வட்டச் சாலையில் மேற்குப் பக்கமாகச் சுற்றித்தான் போகிறோம்.