குறைந்த பட்ஜெட்டில் மெட்டல் டிடெக்டர்: வாங்கும்போது செய்யும் தவறுகள்

மெட்டல் டிடெக்டர் வாங்க நினைக்கும் யாரும் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை அடி ஆழம் வரைக்கும் காட்டும்?" என்பதுதான். விற்பவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும். அதனால்தான் சில ஆயிரம் ரூபாய்க்கு வரும் கருவியின் விளம்பரத்தில்கூட ஆழம்தான் கொட்டை எழுத்தில் இருக்கும். முதல் தவறு இந்தக் கேள்வியிலேயே நடந்துவிடுகிறது.

தரையில் ஆட்டிக்கொண்டே போகும் அந்த வட்டமான 'காயில்', அதாவது கம்பிச் சுருள், மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அது உலோகத்தில் பட்டால் அங்கே சுழல் மின்னோட்டம் பிறக்கும். அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தை உண்டாக்கும். அதைத்தான் காயில் திரும்பப் பிடிக்கிறது. போகும்போதும் பலம் குறைகிறது, வரும்போதும் குறைகிறது. காயிலின் அளவைத் தாண்டிய ஆழத்தில், தூரம் இரண்டு மடங்கானால் திரும்பி வரும் சிக்னல் ஏறக்குறைய 64இல் ஒரு பங்காகிவிடும். அப்படியானால் கருவியின் சக்தியை இரண்டு மடங்காக்கினாலும் ஆழம் 12 சதவீதம்தான் கூடும். ஒரு நாணயமோ மோதிரமோ நல்ல கருவிக்கு 15 முதல் 25 சென்டிமீட்டருக்குள் அகப்படும். அண்டா அளவுப் பொருள் இன்னும் ஆழத்தில் தெரியும். 10 அடியில் காசு காட்டும் என்று யாராவது சொன்னால், அவரிடம் வேறு எதையும் வாங்காமல் வந்துவிடுவது நல்லது.

அதைவிடப் பெரிய ஏமாற்று, ஆன்டெனா மாதிரி இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் 'தொலைதூரத் தங்கம் காட்டி' வகைகள். அரைக் கிலோமீட்டர் தள்ளி நின்றே தங்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கம்பி திரும்பிக் காட்டுமாம். நீரோட்டம் பார்க்கிறவர் கையில் கவைக்குச்சி எப்படி வளைகிறதோ அதே கதைதான் இது. பிடித்திருப்பவரின் மணிக்கட்டு அவருக்கே தெரியாமல் லேசாக அசைகிறது, கம்பி திரும்புகிறது. இதே தத்துவத்தில் ஏ.டி.இ. 651 என்ற பெயரில் ஒரு 'வெடிகுண்டு காட்டி'யை ஈராக்குக்கு விற்றார் ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற பிரிட்டிஷ் வியாபாரி. உள்ளே வேலை செய்யும் மின்னணுப் பாகம் எதுவுமே இல்லை. 2013இல் அவருக்கு 10 ஆண்டு சிறை கிடைத்தது. நம் ஊரில் இரிடியம் கலசம், புதையல் என்று பணம் பறிக்கும் கூட்டங்கள் பழகிய செய்திதான். இந்தக் கம்பிக் கருவியும் அந்த வரிசையில் வைக்க வேண்டிய சரக்கு.

ஏமாற்று இல்லாமல், ஆனால் ஆள் தெரியாமல் வாங்கப்படுவது இன்னொன்று இருக்கிறது: தியேட்டர் வாசலிலும் மால் வாசலிலும் உடம்பைத் தடவிப் பார்க்கும் கைக்கருவி. விலை குறைவு, பெயரும் மெட்டல் டிடெக்டர்தான். ஆனால் சட்டைப் பையில் இருப்பதைக் காட்டத்தான் அது செய்யப்பட்டது. தோட்டத்து மண்ணில் அதை வைத்துத் தேடினால் இடுப்பு வலிதான் மிச்சம்.

சரி, எதைத் தேடப் போகிறீர்கள்? பலரும் இதை யோசிக்காமலே மாடல் பார்க்க உட்கார்ந்துவிடுகிறார்கள். வயலில் விழுந்த ஒற்றை மோதிரத்தைத் தேட வேண்டும் என்றால் வாங்கவே வேண்டாம். வைத்திருக்கும் யாரையாவது கூப்பிட்டு ஒரு பொழுது தேடச் சொன்னால் போதும். புதைந்துபோன இரும்புக் குழாய் எங்கே ஓடுகிறது என்று பார்க்க எந்த மலிவுக் கருவியும் போதும். வாராவாரம் கடற்கரைக்குப் போய் ஆசை தீரத் தேடுகிற பொழுதுபோக்கு என்றால்தான் உண்மையில் காசைப் பார்த்துச் செலவழிக்க வேண்டும்.

கடற்கரை என்றதும் பெரும்பாலானவர்கள் தேடுவது 'வாட்டர்ப்ரூஃப்' என்ற வார்த்தையை. இங்கே இரண்டு விஷயம் குழம்பிப்போகிறது. தண்ணீர் உள்ளே போகாமல் இருப்பது ஒன்று. உப்புத் தண்ணீரில் நனைந்த மணலின் மேல் ஒழுங்காக வேலை செய்வது வேறொன்று. உப்பு ஈரம் மின்சாரத்தைக் கடத்தும். வி.எல்.எஃப் எனப்படும், மிகக் குறைந்த அதிர்வெண்ணைப் பயன்படுத்தும் வகையில், ஒரே அதிர்வெண்ணில் ஓடும் சாதாரணக் கருவிக்கு அந்த மணலே ஓர் உலோகம் மாதிரித் தெரியும். உலர்ந்த மணலில் சாதுவாக இருந்த கருவி, அலை வந்து போகும் இடத்துக்குப் போனதும் ஓயாமல் கத்தும். சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் அடங்கும், ஆனால் ஆழமும் கூடவே போய்விடும். ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் ஓடும் கருவிகள் இந்த உப்புச் சத்தத்தைப் பிரித்து ஒதுக்கிவிடுகின்றன.

ஆரம்ப விலைக் கருவிகளிலேயே இந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம். ஆஸ்திரேலிய நிறுவனமான மைன்லேப்பின் வான்குவிஷ் வரிசை பல அதிர்வெண் வகை. ஈர மணலில் சமாளிக்கும். ஆனால் அதன் காயில் மட்டும்தான் தண்ணீர் தாங்கும், திரை இருக்கும் பெட்டி தாங்காது. துருக்கியின் நோக்டா சிம்ப்ளெக்ஸை முழுதாகவே தண்ணீரில் முக்கலாம். ஆனால் அது 12 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒற்றை அதிர்வெண்ணில் ஓடுவது. அதனால் ஆறு, குளத்துக்கு அது சுகம்; கடல் ஈரத்தில் கொஞ்சம் கெஞ்ச வேண்டியிருக்கும். அமெரிக்கக் காரெட் நிறுவனத்தின் ஏஸ் 300 எளிமையானது, உழைக்கும், 8 கிலோஹெர்ட்ஸில் ஓடும். காய்ந்த நிலத்துக்கும் உலர்ந்த மணலுக்கும் அது நிறைவாகப் போதும். அமெரிக்காவில் இவையெல்லாம் தோராயமாக 200 முதல் 300 டாலர் என்ற வட்டத்தில் அறிமுகமானவை. இந்தியாவுக்கு வரும்போது சுங்க வரி, கப்பல் செலவு, இடைத்தரகர் லாபம் எல்லாம் ஏறும். வாரன்டி பெரும்பாலும் ஏறி வராது. பழுதானால் எங்கே அனுப்புவது என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

மண்ணிலேயே இரும்பு இருக்கும் இடங்கள் தனித் தலைவலி. செம்மண்ணின் சிவப்பே இரும்பு ஆக்சைடால் வருவது. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரையில் இல்மனைட் கலந்த கருமணலை எல்லோரும் பார்த்திருப்போம். இப்படிப்பட்ட கனிம மண்ணுக்கு மேல் காயிலைக் கொண்டுபோனாலே கருவி குழம்பும். அதற்காகத்தான் கிரவுண்ட் பேலன்ஸ் என்ற வசதி: உலோகம் இல்லாத ஓர் இடத்தில் காயிலைத் தரையை நோக்கி இறக்கி ஏற்றி, 'இதுதான் இந்த ஊர் மண், இதைக் கணக்கில் எடுக்காதே' என்று கருவிக்குப் பழக்கிவிடுவது. மலிவுக் கருவிகள் பலவற்றில் இது தொழிற்சாலையில் வைத்ததோடு சரி, மாற்ற முடியாது. உங்கள் ஊர் செம்மண் பூமி என்றால், மற்ற எந்த வசதியை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். பி.ஐ. எனப்படும் பல்ஸ் இன்டக்ஷன் கருவிகள் உப்பையும் கனிமத்தையும் பெரிதாகச் சட்டை செய்வதில்லை. ஆனால் ஆணியையும் தங்கத்தையும் ஒன்றாகவே பாவிக்கும். கம்பி மத்தாப்புக் கம்பிகள் கொட்டிக் கிடக்கும் வீட்டு முற்றத்தில் அதை வைத்துக்கொண்டு பொழுதைப் போக்கலாம், வேறொன்றும் செய்ய முடியாது.

இனி, புதிதாக வாங்கியவர்கள் அதிகம் ஏமாறுகிற இடத்துக்கு வருவோம்: திரையில் தெரியும் அந்த எண். பல கருவிகளில் 0 முதல் 99 வரை ஓர் எண் வரும். இரும்பு கீழே, வெள்ளி மேலே. வாங்குபவர், "தங்கத்துக்கு என்ன நம்பர்?" என்று கேட்பார். அப்படி ஒரு நம்பர் கிடையாது. பொருளின் அளவு, தடிமன், வடிவம், கலப்பு எல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணை முடிவு செய்கின்றன. சின்ன மோதிரம் காட்டும் எண்ணும், மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும் பீர் கேன் மூடியின் வளையமும் காட்டும் எண்ணும் ஒன்றின் மேல் ஒன்று விழும். 'குப்பை வேண்டாம்' என்று, வேண்டாத உலோகத்தை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷன் வசதியை அந்த எண் வரைக்கும் ஏற்றிவிட்டால், குப்பையோடு தங்கமும் காதில் விழாமல் போய்விடும். தங்கம் வேண்டும் என்றால் மாத்திரை அட்டையையும் தோண்டித்தான் ஆக வேண்டும். மலிவுக் கருவியோ விலை உயர்ந்ததோ, இதற்கு விலக்கு கிடையாது.

நம் நாணயங்களில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இப்போது புழங்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள் காந்தத்தில் ஒட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஆற்றில் போட்ட காசைக் கயிற்றில் காந்தம் கட்டி இழுக்கிறார்களே, அது அதனால்தான் நடக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து 'இரும்பை ஒதுக்கு' என்று வைத்துக்கொண்டு மெரினாவில் நடப்பவரின் கருவி இந்தக் காசுகளையும் சேர்த்து ஒதுக்கிவிட வாய்ப்பு அதிகம். அந்த வீடியோக்களில் அவர்கள் தேடுவது செம்பும் வெள்ளியும் கலந்த பழைய நாணயங்களை. நிலவரமே வேறு.

சங்கிலியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் தொலைப்பதில் அதுதான் அதிகம். மோதிரம் ஒரு மூடிய வளையம். மின்னோட்டம் அதில் சுற்றி வரத் தடையில்லை, சிக்னல் கணீரென்று வரும். அதே மோதிரம் ஓர் இடத்தில் விட்டுப்போயிருந்தால் சத்தம் சட்டென்று மெலியும். மெல்லிய சங்கிலியோ நூறு சின்ன வளையங்கள் லேசாகத் தொட்டுக்கொண்டிருப்பது. மூன்று பவுன் இருந்தாலும் கருவியின் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரு கண்ணியின் அளவுதான் தெரியும். பல சமயம் சங்கிலியைக் காட்டிக்கொடுப்பது அதன் கொக்கியோ கோத்திருக்கும் டாலரோதான். மூக்குத்தி இன்னும் மோசம். இந்த மாதிரிச் சின்னத் தங்கத்துக்கு அதிக அதிர்வெண் உள்ள கருவியும் சின்னக் காயிலும் உதவும். 'பெரிய காயில் வாங்கினால் ஆழம் கிடைக்கும்' என்று கேட்டு வாங்கியவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். பெரிய காயிலுக்கு அடியில் ஒரே நேரத்தில் நான்கு ஆணி வந்துவிட்டால், நடுவில் கிடக்கும் மோதிரத்தின் குரல் அதில் அமுங்கிவிடும்.

கையில் 25 ஆயிரம் இருந்தால் 25 ஆயிரத்துக்கும் கருவியே வாங்குவதும் தவறுதான். கால் பங்கையாவது மற்ற சாமான்களுக்கு ஒதுக்குங்கள். முதலில் பின்பாயின்டர், அதாவது டார்ச் லைட் அளவுக் குட்டி டிடெக்டர். குழி தோண்டியாகிவிட்டது, பெரிய கருவி 'இங்கேதான்' என்கிறது, ஆனால் கையில் வருவதெல்லாம் மண்கட்டி. சேறு அப்பிய மோதிரத்துக்கும் கூழாங்கல்லுக்கும் பார்வைக்கு வித்தியாசம் இருக்காது. பின்பாயின்டரின் நுனியைக் குழியின் ஓரங்களில் ஓட்டினால், நெருங்க நெருங்க அதன் அதிர்வு கூடும். எந்தக் கட்டியை உடைக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். அரை மணி நேர வேலை இரண்டு நிமிடத்தில் முடியும். ஹெட்போன் இல்லாமல் கடற்கரைக் காற்றில் மெல்லிய சிக்னல் எதுவும் கேட்காது. தோண்டுவதற்குக் களைக்கொத்து ஒன்று, கடற்கரைக்கு ஓட்டை போட்ட சல்லடை அகப்பை ஒன்று, போதும்.

சட்டத்தையும் பார்க்காமல் இருக்க முடியாது. இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களில் உரிமம் இல்லாமல் தோண்டக் கூடாது. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் சங்ககாலச் சேரர் காசுகளும் உரோமானியக் காசுகளும் கிடைத்தது உண்மைதான். அதைப் படித்துவிட்டு டிடெக்டரோடு கிளம்புகிறவர் சட்டத்தில் மாட்டுவதோடு, அந்தக் காசு எந்த மண் அடுக்கில், எதோடு சேர்ந்து கிடந்தது என்ற தகவலையும் அழித்துவிடுகிறார். இலங்கையில் புதையல் தோண்டப் போய் ஸ்கேனர் கருவியோடு கைதானவர்கள் செய்தி அடிக்கடி வருகிறது.

பிரிட்டனில் இருக்கும் நம்மவர்களுக்கு நிலைமை கொஞ்சம் இளக்கம். நிலத்துக்காரரின் அனுமதி இருந்தால் தேடலாம், புதையல் எனப்படும் வகைப் பொருள் கிடைத்தால் தெரிவித்தாக வேண்டும். 1992இல் சஃபோக் மாவட்டத்தின் ஹாக்ஸ்ன் கிராமத்தில், ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப் போனார் எரிக் லாஸ். கிடைத்தது ஏறக்குறைய 15 ஆயிரம் உரோமானியக் காசுகளும் தங்க நகைகளும். எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகாமல் உடனே தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து முறையாக அகழ்ந்தெடுத்தார்கள். அவருக்கும் விவசாயிக்கும் சேர்த்துப் பதினேழரை லட்சம் பவுண்டு கிடைத்தது. சுத்தியலும் பிற்பாடு கிடைத்து, அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கிறது.

கருவி வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் வைத்துச் சோதிக்காதீர்கள். கான்கிரீட் தரைக்குள் கம்பி ஓடுகிறது, சுவரில் மின்சாரம் ஓடுகிறது, பக்கத்தில் வைஃபை பெட்டி. அது கத்தத்தான் செய்யும். பழுது என்று நினைத்து அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மொபைலை வீட்டில் வைத்துவிட்டு, கரன்ட் கம்பி இல்லாத திறந்தவெளிக்குப் போங்கள். முதலில் ஒரு மோதிரம், ஒரு ரூபாய், ஐந்து ரூபாய், மாத்திரை அட்டை, சோடா மூடி, ஆணி எல்லாவற்றையும் ஓரடி இடைவெளியில் தரையில் வைத்து ஒவ்வொன்றின் சத்தத்தையும் கேளுங்கள். அப்புறம் மோதிரத்தை நூலில் கட்டி 10 சென்டிமீட்டரில் புதைத்துப் பாருங்கள், பிறகு 15இல். பத்திலேயே திணறினால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பெட்டியைக் கட்டிவிடுங்கள்.