பத்திரிகையில் அந்த வளைவு எழுத்து அழகாக வர என்ன செய்ய வேண்டும்

சென்னை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது, பேனாவால் எழுதியது மாதிரி சுழித்து வளையும் இங்கிலீஷ் எழுத்தைத்தான். தாராளமாகக் கேளுங்கள். ஆனால் மணமக்கள் பெயரோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள். முகூர்த்த நேரம், மண்டப விலாசம், பெயருக்குப் பின்னால் வரும் பி.இ., எம்.பி.ஏ. எல்லாம் சாதாரண எழுத்தில் இருக்கட்டும்.

இந்த வளைவு எழுத்துகள் கூர்முனை நிப்பிலிருந்து வந்தவை. கீழே இழுக்கும்போது அழுத்தினால் நிப் விரிந்து கோடு தடிக்கும், மேலே ஏறும்போது மயிரிழையாக மெலியும். பெரிய எழுத்தின் வளைவு பக்கத்தில் வரும் சின்ன எழுத்தை நம்பித்தான் வரையப்பட்டிருக்கிறது, அதனால் பெயர் முழுவதையும் கேப்பிடலில் அடித்தால் வளைவோடு வளைவு மோதி ஒன்றுமே படிக்க முடியாது. நம் இனிஷியல்களுக்கும் இதே சிக்கல்தான். இரண்டு மூன்று இனிஷியல் இருந்தால் அவற்றைச் சாதாரண எழுத்தில் சின்னதாகப் போடுங்கள், அல்லது அப்பா அம்மா பெயர் எப்படியும் கீழே வருகிறதே என்று விட்டுவிடுங்கள்.

எந்த ஃபான்ட்? கௌரவமாக, அடக்கமாக வேண்டுமென்றால் என் ஓட்டு ஸ்நெல் ரவுண்ட்ஹேண்டுக்கு. சார்லஸ் ஸ்நெல் என்ற பழைய ஆங்கிலேய எழுத்தாசிரியரின் பாணியை வைத்து மேத்யூ கார்ட்டர் 1960களில் வரைந்தது. ஹெர்மன் ஸாப்ஃபின் ஸாப்ஃபினோ 1998இல் வந்தது, அபார அழகு, ஆனால் மேலும் கீழும் நீளமாக ஓடும், அதனால் வரிகளுக்கு நடுவே நிறைய இடம் விட மனசு வேண்டும். காசு செலவில்லாமல் என்றால் கூகுள் ஃபான்ட்ஸில் கிரேட் வைப்ஸ்.

எழுத்து இடைவெளியைத் தொடவே தொடாதீர்கள், தொட்டால் இணைப்பு அறுந்துவிடும். பக்கவாட்டில் இழுத்து நிரப்பவும் கூடாது. நீண்ட வால் உள்ள மாற்று வடிவங்கள் சில ஃபான்ட்களில் உண்டு, டிசைன் மென்பொருளில் எழுத்து வடிவங்களைக் காட்டும் கிளிஃப்ஸ் பேனலில் கிடைக்கும், பெயருக்கு ஒன்று போதும்.

அப்புறம், தங்க ஃபாயில். மயிரிழைகள் முதலில் விட்டுப்போவது அங்கேதான், அடர் மெரூன் பின்னணி அடித்து எழுத்தை மட்டும் வெள்ளையாக விடும்போதும் மை பரவி அவற்றை மூடிவிடும். பெயரைப் பெரிதாக்குங்கள், அல்லது கோடு கொஞ்சம் தடித்த ஃபான்டுக்கு மாறுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்துத் திருப்திப்படாமல் அசல் அளவிலேயே ப்ரூஃப் எடுத்து வீட்டில் பாட்டியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

தமிழ்ப் பக்கத்துக்கு இதே சுழியைத் தேடாதீர்கள். அச்சில் நம் எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்வதில்லை, வலிந்து சேர்த்தால் கோணலாகத்தான் தெரியும். தாரிக் அஸீஸ் வரைந்த கவிவனார் ஃபான்ட் லேசாகச் சாய்ந்த கையெழுத்துத் தோற்றம், பெயருக்கு நன்றாகப் பொருந்தும். விவரங்களுக்கு நோட்டோ செரிஃப் தமிழ்.

பிரஸ்ஸுக்கு அனுப்பும் ஃபைலில் எழுத்துகளைக் கர்வ்ஸாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவங்களாக, மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அவர்கள் கணினியில் வேறு ஃபான்ட் வந்து உட்கார்ந்துவிடும். மாற்றாத ஒரு பிரதியையும் கையில் வைத்திருங்கள், ரிசப்ஷன் நேரம் கடைசி நிமிடத்தில் மாறினால் அதில்தான் திருத்த முடியும்.