துபாய் பயணம்: வீட்டிலேயே தொடங்கிவிடும் தவறுகள்

துபாயில் மாட்டிக்கொள்பவர்கள் பலருக்கும் சிக்கல் பெட்டி கட்டும்போதே தொடங்கிவிடுகிறது. குருமாவுக்கு அரைத்த மசாலாப் பொடியை டப்பாவில் அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிக் கொடுத்தனுப்புவது நம் வீடுகளில் வழக்கம்தானே? அதில் கசகசா சேர்த்திருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசாவுக்குத் தடை. கொஞ்சம்தான் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வெற்றிலையும் வேண்டாம். ட்ரமடால், கோடீன் கலந்த மருந்து சாப்பிடுபவர்கள் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, டாக்டர் சீட்டோடு போக வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு விசாவில் நடக்கிறது. "விசிட் விசாவில் போ, அங்கே போனதும் மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். விசிட் விசாவில் போய் வேலை தேடலாம், வேலை செய்யக் கூடாது. அப்படி வேலை செய்தவருக்குச் சம்பளம் வராவிட்டால், கையில் ஒப்பந்தமும் இருக்காது, வேலை பெர்மிட்டும் இருக்காது. எதைக் காட்டிப் புகார் கொடுப்பது? நாள் கடந்து தங்கினால் தினமும் 50 திர்ஹாம் அபராதம் வேறு ஏறிக்கொண்டே போகும். வேலைக்கு ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று அந்நாட்டுச் சட்டமே சொல்கிறது. நகையை அடகு வைத்து ஏஜென்டுக்குப் பணம் கட்டும் முன், ஆஃபர் லெட்டர் உண்மையானதா என்று அங்குள்ள தொழிலாளர் அமைச்சகத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். பத்து நிமிட வேலைதான். தயவுசெய்து செய்துவிடுங்கள்.

தொழில் தொடங்கப் போகிறவர்கள் "வரியே இல்லாத ஊர்" என்ற பழைய பேச்சை மறந்துவிட வேண்டும். 2018 முதல் 5% வாட் இருக்கிறது. 2023 ஜூனில் வந்த கம்பெனி வரி, 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட லாபத்தில் 9%. ஜெபல் அலி துறைமுகப் பகுதியில் 1985-இல் தொடங்கிய ஃப்ரீ சோன் (தனி விதிகளோடு இயங்கும் தொழில் மண்டலம்) முறை இன்று ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. ஆனால் ஃப்ரீ சோன் லைசென்ஸ் விலை மலிவு என்று வாங்கிவிட்டு, அதை மட்டும் வைத்து, மண்டலத்துக்கு வெளியே தேரா போன்ற பழைய கடைவீதிப் பகுதியில் கடை திறக்க முடியாது. அதற்கு மெயின்லேண்ட் (மண்டலத்துக்கு வெளியே உள்ள ஊர்ப் பகுதி) லைசென்ஸோ தனி அனுமதியோ வேண்டும். உள்ளூர்க்காரருக்கு 51% பங்கு தரவேண்டும் என்ற விதியோ 2021-இலேயே பெரும்பாலான தொழில்களுக்கு நீங்கிவிட்டது. இன்னும் அதைச் சொல்லிப் பங்கு கேட்பவரிடம் உஷாராக இருங்கள்.

சுற்றிப் பார்க்க மட்டும் போகிறீர்களா? டிக்கெட் மலிவு என்று ஜூலையில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கவே சட்டம் தடை போட்டிருக்கிறது. அப்படியென்றால் வெயில் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை போனால் நிம்மதியாகச் சுற்றலாம்.

மெட்ரோவில் சூயிங்கம் மென்றாலும், தண்ணீர் குடித்தாலும் 100 திர்ஹாம் அபராதம் உண்டு. பெண்களுக்கான பெட்டியில் ஆண்கள் தெரியாமல் ஏறினாலும் அபராதம்தான். பிளாட்பாரத்தில் போட்டிருக்கும் பிங்க் அடையாளத்தைப் பார்த்து நில்லுங்கள்.

அப்புறம், 828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவையும் மால்களையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஒரு சாயங்காலம் பர்துபாயில் ஆப்ரா படகு ஏறுங்கள். ஒரே ஒரு திர்ஹாம்தான். சில நிமிடங்களில் க்ரீக்கை (ஊருக்குள் புகுந்திருக்கும் கடல் கால்வாய்) கடந்து தேராவில் இறங்கினால், மசாலாக் கடைத்தெருவின் வாசனை கரைக்கே வந்து கூப்பிடும்.